முள் சொன்னதும் நான் சொல்லாததும்

"நீங்க இதை ஓட்டப்போறீங்களா, விக்கப்போறீங்களா?"

கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெக்கானிக் கேட்டார். எழுபது வயதைத் தாண்டிய ஜெர்மானியர். எஸ்ஸன் நகரத்தின் ஓரத்தில் சின்னக் கேரேஜ். முன்னால் என் சிவப்பு மஸ்டாங் மூச்சிரைத்துக்கொண்டு நின்றது. 1966 மாடல், 289 கன அங்குல வி8 எஞ்சின், கலிஃபோர்னியாவிலிருந்து கப்பலேறி வந்த கார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆசைப்பட்டு வாங்கினேன். இப்போது மதுரையில் அப்பாவுக்குப் பக்கவாதம். வேலையை விட்டுவிட்டு ஊருக்குத் திரும்பப்போகிறேன். காரை விற்றாக வேண்டும்.

நடந்தது இதுதான். வாங்கினபின் முதல்முறையாக ஆயில் மாற்றினேன். கையேட்டைப் பார்த்து 10டபிள்யூ-30 ஊற்றினேன். அடுத்த வாரம் வெயிலில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு சிக்னலில் நின்றபோது, ஆயில் பிரஷர் முள் அப்படியே கீழே படுத்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொஞ்சம் எழுந்தது, விட்டால் விழுந்தது. அந்த டயலில் எண்களே கிடையாது. முள் நடுவில் இருந்தால் நிம்மதி, கீழே போனால் பயம், அவ்வளவுதான்.

முள்ளை நம்பாதே, முதலில் அளந்து பார் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். சென்சாரைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டையில் நேரடி மீட்டரை மாட்ட வேண்டும். அதுவும் லேசில் நடக்கவில்லை. எஞ்சினில் இருப்பது கூம்பு வடிவ அமெரிக்கக் குழாய் மரை, அவரிடம் இருந்த மீட்டரோ மில்லிமீட்டர் மரை. இரண்டையும் இணைக்கும் ஒரு பித்தளைத் துண்டுக்காகப் பத்து நாள் காத்திருந்தோம். மாட்டியபோது சூடான எஞ்சின், ஐட்லிங்கில் அரை பார் காட்டியது. அமெரிக்கக் கணக்கில் ஏழு பி.எஸ்.ஐ. 2000 சுற்றில் 16. ஆயிரம் சுற்றுக்குப் பத்து பி.எஸ்.ஐ. இருக்க வேண்டும் என்பது பழைய வி8 ஆட்களின் கைக்கணக்கு.

ஆயில் பம்ப்தான் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்று நினைத்திருந்தேன். பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். எண்ணெய் போகும் வழி நெருக்கமாக இருப்பதால்தான் அழுத்தம் வருகிறது. கிராங்க் ஷாஃப்டுக்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளி தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அது தேய்ந்து இரண்டு மடங்கானால், கசிவு இரண்டு மடங்கு அல்ல, ஏறக்குறைய எட்டு மடங்கு ஆகும். முள் விழுவதற்கு வேறு காரணங்களும் உண்டு: பம்ப் தேய்ந்திருக்கலாம், உறிஞ்சும் சல்லடை அடைத்திருக்கலாம், ரிலீஃப் வால்வு திறந்தபடி சிக்கியிருக்கலாம். அதனால் பழைய ஃபில்டரை வெட்டிப் பிரித்தார். மடிப்புகளுக்குள் செம்பு நிறத்தில் மினுமினுப்பு. பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து, அடியில் இருக்கும் செம்புக் கலவை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி. ஓட்டுவதென்றால் எஞ்சினை இறக்கிப் பேரிங் மாற்ற வேண்டும். விற்பதென்றால்... அவர் முடிக்கவில்லை. அலமாரியில் இருந்த 20டபிள்யூ-50 டப்பாவைப் பார்த்தார். கெட்டி எண்ணெய். ஊற்றினால் முள் நடுவுக்கு வந்துவிடும்.

அப்போதுதான் உறைத்தது. நான் வாங்கியபோது முள் நடுவில் நின்றதே! எனக்கு விற்றவரும் இதைத்தான் ஊற்றியிருக்கிறார். ஏமாற்றத்தான் ஊற்றினாரா என்று எனக்குத் தெரியாது. பழைய கார் என்றாலே 20டபிள்யூ-50 ஊற்றுகிறவர்கள் இங்கே நிறைய. எண்ணெயின் மேல் குற்றமில்லை. தேய்ந்த எஞ்சினைத் தெரிந்தே மெதுவாக ஓட்டுகிறவனுக்கு அது மருந்து. விற்கிறவன் கையில் அதுவே முகமூடி.

ஊற்றினேன்.

முதலில் வந்தவர் ஒரு ஜெர்மானியர். எஞ்சின் ஓசையைக் கேட்டார், ஒரு சுற்று ஓட்டினார், முள்ளைப் பார்த்தார். "நல்ல எஞ்சின்" என்றார். நான் "டாங்கே" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். ஒரு வாரத்தில் சொல்கிறேன் என்று போனார். நான் சொன்ன ஒரே சொல் 'நன்றி'. அதில் பொய் எங்கே இருக்கிறது?

அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்வி பழசு. கி.மு. 44இல் சிசரோ தன் மகனுக்காக எழுதிய கடமைகளைப் பற்றிய நூலின் மூன்றாம் பகுதியில் இதே வழக்கு வருகிறது. ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒருவன் தானியக் கப்பலோடு வந்து சேர்கிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொல்ல வேண்டுமா, மௌனமாக இருந்து நல்ல விலைக்கு விற்கலாமா? பழுதான வீட்டை விற்கிறவனைப் பற்றியும் அதே இடத்தில் பேச்சு வருகிறது. டயோஜெனிஸ் என்ற ஸ்டோயிக், சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார். அவருடைய மாணவர் ஆன்டிபேட்டர் ஒத்துக்கொள்ளவில்லை. மனிதர் எல்லோரும் ஒரே கூட்டம், உனக்குத் தெரிந்ததை வாங்குகிறவனும் தெரிந்துகொள்ள வேண்டும் என்கிறார். சிசரோ கடைசியில் ஆன்டிபேட்டர் பக்கம் சாய்கிறார்.

எனக்கு டயோஜெனிஸைப் பிடித்திருந்தது. காசு தேவைப்படுகிறவனுக்கு அவரைப் பிடிக்கும். ஆனால் என் வழக்கு அவருடைய எல்லைக்குள்ளும் அடங்கவில்லை. நான் மௌனமாக மட்டுமா இருந்தேன்? ஐந்து லிட்டர் ஊற்றியிருக்கிறேன். நான் வாயைத் திறக்காவிட்டாலும் அந்த முள் எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

சட்டமும் அந்தப் பக்கம்தான். இங்கே பழைய சாமான் விற்கும்போது 'பார்த்தபடி வாங்கியது' என்று எழுதிப் பொறுப்பைக் கழற்றிவிடுவது வழக்கம். ஆனால் தெரிந்தே ஒரு குறையை மறைத்திருந்தால் அந்த வரி காப்பாற்றாது. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 444ஆவது பிரிவு அதைத்தான் சொல்கிறது. ஆனால் யார் நிரூபிக்கப்போகிறார்கள்? நான் ஊரில் இருப்பேன்.

நாலு நாள் கழித்து டோர்ட்முண்டிலிருந்து ஒரு பையன் வந்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளை. "அண்ணா, தங்கச்சின்ர கலியாணத்துக்கு மாப்பிளை பொம்பிளைய இதிலதான் ஏத்தப்போறன்" என்றான். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவினான். "முள்ளு நடுவில நிக்குது. நல்லதுதானே அண்ணா?"

"தம்பி, கொஞ்சம் இறங்கு. ஒரு விஷயம் சொல்லணும்."

எல்லாவற்றையும் சொன்னேன். வெட்டின ஃபில்டரைக் காட்டினேன். அவன் ரொம்ப நேரம் பேசவில்லை. "அப்பாவோட கதைச்சிட்டு வாறன்" என்று போய்விட்டான்.

எனக்குப் பெரிய நிம்மதி. நல்லவனாகிவிட்ட நிம்மதி. அது வீட்டுக்குள் போய்க் காப்பி போடும் வரைக்கும்தான் இருந்தது. இவனிடம் ஏன் சொன்னேன்? அண்ணா என்று கூப்பிட்டான். கல்யாணம் என்றான். அந்த ஜெர்மானியருக்கும் ஒரு தங்கை இருக்கலாம், அவர் என் மொழியில் கூப்பிடவில்லை, அவ்வளவுதானே? ஆன்டிபேட்டர் சொன்ன கூட்டத்தை நான் தமிழ் பேசுகிறவர்களாகச் சுருக்கிவிட்டேன். வேண்டியவனிடம் மட்டும் பேசும் உண்மையை உண்மை என்று சொல்ல முடியுமா? அது பாசம். பாசம் நல்லதுதான். ஆனால் அண்ணா என்று கூப்பிடாதவனுக்குக் கிடைக்காத எதையும் நேர்மை என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூசியது.

அன்றைக்கே ஜெர்மானியருக்கு போன் பண்ணினேன். கேட்டுக்கொண்டார். "சொன்னதற்கு நன்றி. எனக்கு எஞ்சின் பிரிக்கும் தெம்பு இல்லை" என்றார். வைத்துவிட்டார். வாங்கும் எண்ணத்தில்தான் இருந்தேன் என்றும் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

கெட்டி எண்ணெயை வடித்துவிட்டு மறுபடி 10டபிள்யூ-30 ஊற்றினேன். பையன் அப்பாவோடு வந்தான். முள் படுத்துக் கிடந்ததை அப்பா குனிந்து பார்த்தார். ஆறாயிரம் யூரோ குறைத்தார். ஒப்பந்தத்தில் குறைகள் எழுதும் கட்டத்தில் 'சூடான ஐட்லிங்கில் அரை பார்' என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன்.

ஆறாயிரம் யூரோ. அப்பாவின் பிசியோதெரபிக்குக் கட்டணம் கட்டும் ஒவ்வொரு மாதமும் அந்தத் தொகை ஞாபகம் வருகிறது. நான் செய்தது சரி என்று தெரிந்திருப்பதால் அது குறைந்துவிடுவதில்லை.

போன வாரம் பையன் ஒரு படம் அனுப்பியிருந்தான். கழற்றிவைத்த பேரிங்குகள், வரிசையாகச் செம்பு நிறத்தில். கீழே குரல்செய்தி: "அண்ணா, நீங்க சொன்னது சரிதான். கலியாணத்துக்கு வாடகைக் கார் பிடிச்சிட்டம்."