கொடையைக் குறை கூறலாமா?

விலை கொடுத்து வாங்கிய பண்டம் பழுதுபட்டிருப்பின் விற்றவரிடம் முறையிடுவது நம் உரிமை. விலையின்றிப் பெற்ற பொருள் நம் தேவைக்குப் பொருந்தாதபோது, கொடுத்தவரைக் கடிந்துரைக்கும் உரிமை நமக்கு உண்டா? வினா பழையதே. எனினும் கணிப்பொறி நம் இல்லங்களில் இடம்பெற்ற பின்னர் இது புதிய கோலத்தில் எழுந்துள்ளது.

கட்டற்ற மென்பொருள் என்பதொரு வகை உண்டு. ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-இல் அமெரிக்காவில் அறிவித்த குனு திட்டமும், பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய லினக்ஸும் இவ்வகையில் பெயர் பெற்றவை. இவற்றின் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். உள்ளது உள்ளவாறே தரப்படுகிறது, உங்கள் நோக்கத்திற்குப் பொருந்தும் என உறுதி கூறவில்லை என்னும் கருத்து உரிமத்திலேயே எழுதப்பட்டிருக்கும். சினந்து மடல் விடுப்போருள் இதனைப் படித்தவர் மிகச் சிலரே என்பது என் எண்ணம்.

உரிமம் இவ்வாறு கூறுவதால் வழக்காட இடமில்லை. ஆயினும் அறம் பற்றிய வினா அவ்வளவில் தீர்வதன்று. "பிடிக்காவிட்டால் நீரே திருத்திக்கொள்ளும்" என்று சிலர் விடையிறுக்கின்றனர். நிரல் எழுதத் தெரிந்தவர்க்கு இது நேர்மையான விடை. லிப்ரே ஆபீஸில் கணக்கு எழுதும் ஒரு சிறு வணிகர்க்கோ இது கதவடைப்பேயாகும். அவருடைய இடர்ப்பாட்டைக் கேட்கவும் மாட்டோம் என்பது கொடையாளர்க்கு அழகன்று. அதே வேளை, கேட்பதெல்லாம் செய்து தர வேண்டும் என்ற கடனும் அவர்க்கு இல்லை.

அண்மையில் நிகழ்ந்த ஒன்றை ஈண்டு எண்ணிப் பார்ப்போம். எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறு மென்பொருள். உலகின் எண்ணற்ற கணிப்பொறிகளில் இடம்பெற்றது. பல்லாண்டுகள் அதனைப் பேணியவர் ஒருவரே, அதுவும் ஊதியமின்றி. 2022-இல் சிலர், திருத்தங்கள் தாமதமாகின்றன, பொறுப்பை வேறொருவரிடம் விடுக என்று மீண்டும் மீண்டும் அவரை இடித்துரைத்தனர். இது ஊதியமில்லாப் பொழுதுபோக்குப் பணி என அவர் நினைவூட்டியும் பயனில்லை. உதவ முன்வந்த மற்றொருவர் மெல்ல மெல்லப் பொறுப்பில் பங்கு பெற்றார். 2024-இன் தொடக்கத்தில் வெளியான பதிப்புகளில் அயலார் கணிப்பொறியுள் நுழைவதற்குரிய கள்ளவழி ஒன்று ஒளிந்திருந்தது. அன்று குறை கூறியோரும் பொய்ப்பெயரினரே, பேணுநரைச் சோர்வடையச் செய்வதே அவர் நோக்கம் என ஆய்ந்தோர் பலர் ஐயுறுகின்றனர். ஐயம் உண்மையாயின் வியப்பில்லை. வசையும் நச்சரிப்பும் அத்துறையில் அன்றாட வழக்கமாகிவிட்டமையால், வஞ்சகர் கூட்டத்தோடு கூட்டமாய் மறைந்து நிற்க முடிந்தது.

கள்ளவழி வெளிப்பட்டதும் ஒரு குறை கண்டமையாலேயே. ஆண்டிரஸ் பிராயிண்டு என்னும் பொறியாளர், தொலைவிலுள்ள கணிப்பொறியில் நுழைய வழக்கத்தினும் ஏறத்தாழ அரை விநாடி மிகுதியாவதைக் கண்டார். எவரையும் ஏசினாரல்லர். அளந்தார்; காரணத்தைத் தேடிச் சென்றார்; 2024 மார்ச் 29 அன்று சான்றுகளோடு வெளியிட்டார். பெரும்பாலான கணிப்பொறிகளை அடையுமுன் அப்பதிப்புகள் நீக்கப்பட்டன. அவர் பெற்றதும் விலையில்லாப் பொருளே. குறை கூறியதும் அதைப் பற்றியே.

ஆகவே குறை கூறுதலே தவறு என்பார் கூற்று எனக்கு உடன்பாடன்று. எப்பதிப்பு, என்ன செய்தோம், என்ன நேர்ந்தது என்று எழுதுவதற்கு நிரலறிவு வேண்டுவதில்லை. மேற்சொன்ன வணிகராலும் இயலும். அது தானும் ஒரு கொடையே. மாறாக, பெருநிறுவனங்களின் நிலை நாணத்தக்கது. இணையத்தின் இரகசியங்களைக் காக்கும் ஓபன்-எஸ்எஸ்எல் என்னும் மென்பொருளில் 2014-இல் பெரும் ஓட்டை ஒன்று வெளிப்பட்டபோதுதான், அதனை நம்பிப் பொருளீட்டியோர் உலகெங்கும் இருக்க, அதற்கு வந்த நன்கொடை ஆண்டுக்குச் சுமார் 2,000 டாலரே என்பது பலர்க்கும் தெரிய வந்தது.