பரண் தரும் பாடம்

நிலக்கடலை விளையும் வடகரப்பதிப் புன்செய்களில் இரவுக் காவலுக்குப் பரண் கட்டுவதுண்டு. எம் தந்தையார் கட்டிய பரணுக்குக் காசு செலவில்லை. வண்டியிலிருந்து கழித்த பலகை, கூரையிலிருந்து இறக்கிய பழைய பனையோலை, கிழிந்த சாக்கு, தட்டி ஒலியெழுப்ப ஒரு மண்ணெண்ணெய்த் தகரம், அவ்வளவே.

அமெரிக்க நாட்டிலும் கழிவுப் பலகையால் இத்தகைய மறைவிடம் அமைக்கின்றனர். அங்கிருப்பவன் மானைச் சுடக் காத்திருக்கிறான். நம் பரணிலிருப்பவனோ அதனை ஓட்டக் காத்திருக்கிறான். இவ்வழக்கம் மிகப் பழைமையானது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கும் மகளிர் தழல், தட்டை, குளிர் என்னும் கருவிகளால் கிளிகளை ஓட்டுகின்றனர். எனினும் அக்குறிஞ்சி நிலத்தில் வேட்டையும் இருந்தது. ஆகவே கொல்லாமை நம் பிறவிக்குணம் எனப் பெருமை பேசுதல் பொருந்தாது.

ஓராண்டு மான்கள் எம் பயிரில் பாதியை மேய்ந்துவிட்டன. கண்ணி வைக்குமாறு அயலார் கூறினர். "பசித்து வந்ததைக் கொல்வதோ?" எனத் தந்தையார் மறுத்தார். அவ்வாண்டு அன்னையாரின் வளையல் அடகுக்குச் சென்றது, அது மீளவேயில்லை.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் மான் வேட்டையைத் தடுக்கிறது. நன்றே. ஆயினும், நகரத்தில் மாதச் சம்பளம் பெற்றுக்கொண்டு கொல்லாமையைப் போற்றும் நாம் அதற்கு என்ன விலை கொடுத்தோம்? மானுக்கு இரங்குதல் எளிது. மான் மேய்ந்த கொல்லைக்கு உரியவனின் இழப்பில் பங்குகொள்ளுதலே அரிது. எம் இல்லத்து அறம் தந்தையார் மறுத்த கண்ணியில் மட்டுமன்று, அன்னையாரின் வெறுங்கையிலும் இருந்தது என்பதை யாம் காலங்கடந்தே உணர்ந்தோம்.