லாச்சிச் சாவி

கண்டியிலிருந்து கொழும்புக்கு பஸ்ஸில் போகிறவர்கள் மாவனல்லைக்கருகே உதுவன்கந்தையைக் கண்டிருப்பீர்கள். சரதியேல் ஒளிந்திருந்த மலை. பணக்காரரிடம் பறித்து ஏழைக்குக் கொடுத்தவன் என்று உம்மா சொல்லும் கதையில், அவனது கூட்டாளி மம்மலே மரிக்கார் நம்மவன் என்ற சின்னப் பெருமையும் கலந்திருக்கும். 1864 மார்ச் 21இல் அவர்களைப் பிடிக்கப் போய்ச் சுடப்பட்டு இறந்த கொன்ஸ்டபிள் சபானும் நம்மவர்தான், மலாய்க்காரர் என்பதை உம்மா சொன்னதில்லை. அதே வருடம் மே 7இல் சரதியேலும் மரிக்காரும் கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். சரதியேலுக்கு வயது 32.

அந்த வயதுதான் என்னை உறுத்துகிறது. அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் குற்றம் புரிந்த 500 சிறுவர்களைப் பற்றிய பழைய ஆய்வொன்றை எடுத்து, அவர்களின் வாழ்க்கையை 70 வயதுவரை தொடர்ந்து பார்த்தார்கள் சாம்ப்சன், லாப் என்ற இரு அறிஞர்கள். சிலர் முந்தி, சிலர் பிந்தி, அநேகமாக எல்லோருமே குற்றத்தை விட்டிருந்தார்கள். அவர்களுக்குக் கைகொடுத்தவை நல்ல குடும்பம், நிலையான தொழில், பழைய கூட்டாளிகளை விட்டு விலகிய வாழ்க்கை. சரதியேலும் விட்டிருப்பான் என்று நான் சொல்லவில்லை. அதை அறியும் வாய்ப்பைத் தூக்குமரம் முடித்துவைத்தது.

வழிப்பறிக்காரராயிருந்து பெரியாரான புழைல் இப்னு இயாழின் கதையைக் கேட்டு நாம் உருகுகிறோம். காதில் விழுந்த ஓர் இறைவசனம் அவரை மாற்றியது என்கிறார்கள். மறுநாள் அவரை நம்பி வாசலைத் திறந்தவர் யார் என்று நாம் கேட்பதில்லை.

1876இல் கட்டிய போகம்பறைச் சிறைச்சாலை 2014 தொடக்கத்தில் மூடப்பட்டது. அதற்குச் சில வருடங்கள் முன்பு, அங்கிருந்து வந்த ஒருவன் என் கடையில் வேலை கேட்டான். "கூட்டித் துடைக்கிறதென்டாலும் பரவாயில்ல நானா" என்றான். சேர்த்துக்கொண்டேன். ஆனால் லுஹருக்குப் பள்ளிக்குப் போகும்போதெல்லாம் லாச்சியைப் பூட்டிச் சாவியை எடுத்துப் போனேன். மற்றப் பையன்கள் இருந்த காலத்தில் ஒருநாளும் பூட்டியதில்லை. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மூன்றாம் மாதம் வராமல் நின்றுவிட்டான். ஒரு சதமும் குறைந்திருக்கவில்லை.

எச்சரிக்கை பாவமா? சபானின் வீட்டாரிடம் அப்படிக் கேட்க எனக்குத் துணிவில்லை. ஆனாலும் தவ்பா அவனுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையிலானது. அதில் அவன் நிலைத்து நிற்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் நம்மிடம்தான் இருக்கிறது. அன்று அது என் சட்டைப் பையில் சாவியாகக் கிடந்தது.