வராத காய்ச்சல்

மண்ணூர்பேட்டையில் நண்பர் வீட்டு மொட்டை மாடி. கொசு ஒழிப்புப் பணியாளர் ஒருவர் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ''மூடி உடைஞ்சிருக்கு சார், மாத்திடுங்க'' என்றார். நண்பருக்கு எரிச்சல். ''எங்க வீட்ல யாருக்கும் மலேரியா வந்ததே இல்லப்பா!''

''வரக் கூடாதுன்னுதான் சார் சொல்றேன்.''

கீழே நண்பரின் மூன்று மாதப் பேத்தி தூளியில் தூங்கிக்கொண்டு இருந்தாள். எனக்குள் ஒரு கேள்வி. வராத நோய்க்காக, வாய் பேசாத குழந்தையின் சார்பில் பெரியவர்கள் எதுவரை போகலாம்?

இதே கேள்வி ஆப்பிரிக்காவில் தினமும் எழுகிறது. உலகில் மலேரியாவுக்குப் பலியாகிறவர்களில் பெரும்பாலோர் அங்கே இருக்கும் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நோய் கடுமையாக உள்ள பகுதிகளில், தடுப்பூசிக்கு வரும் கைக்குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கோ இல்லையோ, மலேரியா மருந்தையும் ஒரு வேளை கொடுக்கலாம் என்று 2010-ல் பரிந்துரைத்தது உலக சுகாதார நிறுவனம். 10-வது வாரம், 14-வது வாரம், 9-வது மாதம்... ஊசியோடு மருந்தும். சல்ஃபடாக்ஸின் - பைரிமெத்தமின் என்ற பழைய, மலிவான மருந்துதான். ஆய்வுகளில், முதல் வருடத்து மலேரியா சுமார் 30 சதவிகிதம் குறைந்தது.

'நல்லா இருக்கிற குழந்தைக்கு எதுக்கு மருந்து?' நியாயமான கேள்விதான். பக்கவிளைவே இல்லாத மருந்து ஏது? அதையும் மீறி கொடுத்த பிறகு காய்ச்சல் வந்தால், 'தண்டம்' என்பாள் தாய். வராவிட்டால், 'இது இல்லாமலே நல்லாத்தான் இருந்திருக்கும்' என்பாள். மருந்தால் பிழைத்தது எந்தக் குழந்தை என்று யாராலும் கை நீட்டிச் சொல்ல முடியாது.

பி.காம். படித்தபோது, வாராக்கடனுக்கு ஒதுக்கீடு செய்யச் சொல்லிக்கொடுத்தார்கள். எந்த ஆசாமி ஏமாற்றுவான் என்று தெரியாது. ஆனாலும், ஒரு தொகையை ஒதுக்கிவிட வேண்டும். பணத்துக்கு இத்தனை முன்யோசனை காட்டும் நாம், குழந்தை விஷயத்தில் மட்டும் சாட்சி கேட்கலாமா?

சென்னைக் குழந்தைக்கு அந்த மருந்து தேவையில்லை. ஆபத்து குறைவான இடத்தில் மருந்தின் தொந்தரவுதான் மிஞ்சும். ஆனால், இங்கே மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்ஸி கொசு, கிணற்றிலும் மாடித் தொட்டியிலும் நல்ல தண்ணீர் தேடி முட்டையிடும். ஆக, நமக்கு மருந்து மூடிதான். கசக்காது, பக்கவிளைவு கிடையாது. அது காப்பாற்றப்போவது நம் பேத்தியையா, பக்கத்துத் தெருக் குழந்தையையா என்பது மட்டும் கடைசி வரை தெரியாது. தெரிந்தால்தான் செய்வேன் என்றால், அது வியாபாரம்.

அது சரி, உங்க மொட்டை மாடிக்குப் போய் எத்தனை நாளாச்சு?