இறுவட்டும் இசைவழங்கியும்

கருவி ஒன்றைத் தெரிவு செய்தல் பெரும்பாலும் பணத்தாலும் வசதியாலும் தீர்மானிக்கப்படும் சிறு காரியமாகவே கருதப்படுகின்றது. இறுவட்டுக் கருவியை வைத்திருப்பதா, அன்றி வட்டுகள் யாவற்றையும் கணினியொன்றின் வன்தட்டிற் பதிந்து அதனையே இசைவழங்கியாகக் கொள்வதா என்னும் வினாவும் மேலோட்டமாக நோக்குமிடத்து அத்தகையதே. எனினும், சற்று ஆழ்ந்து நோக்கின், உடைமை என்பது யாது என்ற பழைய ஒழுக்கவியற் பிரச்சினை இதனுள் உறைந்து கிடப்பது புலனாகும்.

ஒலித்தரம் பற்றிய வாதத்தை முதலில் ஒதுக்கிவிடலாம். 1982 ஒக்டோபரில் யப்பானில் விற்பனைக்கு வந்த முதல் இறுவட்டுக் கருவி படித்ததும், இசைவழங்கி படிப்பதும் ஒரே வகையான எண்வரிசையையே. பிலிப்ஸ், சொனி ஆகிய இரு நிறுவனங்களும் வகுத்த நியமப்படி ஒலியலையானது வினாடிக்கு 44,100 தடவை அளக்கப்பட்டு, ஒவ்வோர் அளவும் 16 துவித இலக்கங்களாக எழுதப்படுகின்றது. வட்டிற் சிறு கீறல் விழினும் இழந்த எண்களை மீட்டெடுக்கும் திருத்த முறையும் அந்நியமத்தில் அடங்கும். பிழையின்றிப் பிரதி செய்யப்பட்ட கோப்பிலும் அவ்வெண்களே உள்ளன. வேறுபாடு கேட்குமாயின், அதனை எண்ணை மின்னலையாக மாற்றும் உறுப்பிலும் அதற்கு அப்பாலுள்ள ஒலிபெருக்கியிலும் தேடுதலே தகும். வட்டில் ஏதோ ஓர் உயிர்ப்பு உண்டெனச் சாதிக்கும் இரசிகர்களும் உளர். அவர்களுடன் வாதிட்டு வென்றவர் எவரும் இலர்.

இரண்டும் ஒன்றே என்ற இம்முடிவிலிருந்துதான் சிக்கல் தொடங்குகின்றது. நெல்சன் குட்மன் 1968இல் வெளியிட்ட ‘கலையின் மொழிகள்’ என்னும் நூலில், ஓவியத்துக்குப் போலி இருத்தல் கூடும், இலக்கியப் படைப்புக்கு அவ்வகையிற் போலி இருத்தல் கூடாது என வாதிட்டார். எழுத்துக்கு எழுத்துச் சரியாயின் எந்தப் பிரதியும் அக்கவிதையே. இவ்வேறுபாட்டை விரித்துப் பார்ப்பின், இறுவட்டிலுள்ள எண்வரிசையும் இலக்கியத்தின் பக்கமே நிற்கக் காணலாம். அவ்வாறாயின், வட்டுக்குப் பணங்கொடுத்தவர் வாங்கியது எதனை? 12 சென்ரிமீற்றர் விட்டமுள்ள பிளாத்திக்குத் துண்டையா, அதிற் பொறிக்கப்பட்ட எண்களையா?

ஒருவர் தம்மிடமுள்ள முந்நூறு வட்டுகளையும் வன்தட்டிற் பதிந்துவிட்டுப் பின் அவற்றை விற்றுவிடுகின்றார் எனக் கொள்வோம். இது எளிதிற் செய்யக்கூடியதே. ஒரு டெராபைற்று வன்தட்டு, சுருக்காமலே ஆயிரத்துக்கு மேற்பட்ட வட்டுகளின் இசையைத் தாங்கும். வாங்கியவருக்கு முழுப் பொருளும் கிடைத்தது. விற்றவரும் எதனையும் இழக்கவில்லை. எவருக்கும் தீங்கில்லை என இதற்குச் சமாதானம் கூறப்படுவதுண்டு. ஒரு விலை பெற்ற கலைஞருக்கு இரண்டு கேட்போர் உளர் என்பது இதற்குரிய வழக்கமான மறுப்பு. ஆயின், விற்றவர் பிரதி எடுத்திராவிடினும் கலைஞருக்கு மேலதிகமாக எதுவும் வந்திராது எனின் அம்மறுப்புத் தளர்ந்துவிடும். வலுவான மறுப்பு வேறு. விற்றல் என்பது துறத்தல். துறப்பதற்காகவே விலை பெறப்படுகின்றது. இங்கு விற்றவர் துறந்தவர்போல் நடித்து, துறவுக்குரிய விலையைப் பெறுகின்றார்.

சட்டம் இவ்விடத்தில் உதவுமா எனின், பெரிதும் உதவவில்லை. ஒருமுறை விற்கப்பட்ட நூற்பிரதியை வாங்கியவர் மீள விற்கலாம் என ஐக்கிய அமெரிக்காவின் உயர் நீதிமன்றம் 1908இல் ஏற்றுக்கொண்டது. ஆனால், இசைக்கோப்புகளை மீள விற்க வழிசெய்த றீடிஜி என்னும் நிறுவனத்தின் வழக்கில், 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் எதிர்மாறாகத் தீர்ப்பளித்தது. கோப்பு கைமாறும்போதே விற்பவரின் பிரதியை அழிக்கும் ஏற்பாடு அந்நிறுவனத்திடம் இருந்தது. ஆயினும், மாற்றத்தின்போது புதிய பிரதி ஒன்று உண்டாகின்றது என்பதே குற்றமாயிற்று. உண்மையாகத் துறக்க முயன்றவருக்குத் தடை. வட்டை விற்றுப் பிரதியை ஒளித்துவைத்தவரைக் கண்டறிய வழியில்லை! பிரித்தானியாவிலோ சொந்தத் தேவைக்குப் பிரதியெடுத்தல் 2014இல் அனுமதிக்கப்பட்டு, 2015இல் நீதிமன்றத்தால் அவ்வனுமதி இரத்துச் செய்யப்பட்டது. ஓராண்டு நேர்மையான செயல் மறு ஆண்டு குற்றமாயின், அதன் ஒழுக்கத் தன்மை சட்டத்தில் தங்கியிருக்க முடியாது.

பிரதி செய்தல் புண்ணியமாகக் கருதப்பட்ட காலமும் ஒன்று இருந்தது. 1887இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை போன்றோருக்கு, யாரோ முன்பு ஏட்டைப் பார்த்து ஏடு எழுதியிராவிடின், பதிப்பிப்பதற்கே எதுவும் கிடைத்திராது. அன்று பிரதி செய்தவர் தம் உழைப்பைச் செலுத்தினார். மூல ஏடும் உரியவரிடமே மீண்டது. இன்று சில நிமிடங்களிற் பிரதி உருவாகின்றது. உழைப்பு நீங்கியமையாலேயே செயலின் தன்மை மாறிவிட்டது என்று கூறுதல் பொருந்துமா என்பது ஐயத்துக்குரியது. அழிவிலிருந்து காத்தல் என்னும் நோக்கு இரண்டுக்கும் பொதுவாக இருக்கலாம். ஏட்டைச் செல்லரித்தது, வட்டின் உலோகப் படலமும் காலத்தாற் கெடக்கூடியதே.

ஆகவே சிலர், இசையை வழங்கிக்கு மாற்றியபின் வட்டுகளைப் பெட்டியிலிட்டுப் பரணில் வைக்கின்றனர். அங்கே வட்டு இசைக்கருவியின் பகுதியாக இருத்தலை விட்டு, காணி உறுதி போன்றதோர் அத்தாட்சியாகிவிடுகின்றது. இது நேர்மையான வழி என்பதில் ஐயமில்லை. ஆயினும், அப்பெட்டி ஒருநாள் தீக்கிரையாயின், அவர் வன்தட்டிலுள்ள இசையையும் அழித்துவிட வேண்டுமா? வேண்டும் என்று எவரும் கூறார். பெட்டியை விற்றிருப்பின் அழித்திருக்க வேண்டும் எனப் பலரும் கூறுவர். இரு நிலைகளிலும் அவர் வீட்டில் வட்டுகள் இல்லை, வன்தட்டில் அதே எண்கள் உள்ளன. வேறுபடுவது வட்டுகள் அவரை விட்டு நீங்கிய முறை ஒன்றே.