பூச்சுக்கு முன்னால்

மழையும் மூடுபனியும் ஓயாத மலேசியாவின் கேமரன் மலையில், கோலா தெர்லாவின் சிறு நீர்மின் நிலையம் போன்ற இடங்களில், எஃகைக் காப்பது சாயம் என்றே நினைக்கிறோம். உண்மையில் காப்பது, சாயம் பூசுமுன் நடக்கும் வேலை. உருக்காலையிலிருந்து வரும் தகட்டில் நீலக்கருமையாய் ஒட்டியிருக்கும் ஆக்சைடுச் செதில் பார்வைக்குக் கெட்டியானது. விரிசல் வழியே ஈரம் புகுந்துவிட்டால், அடியிலுள்ள எஃகின் அரிப்பையே அது தூண்டும். அதன்மேல் எத்தனை பூச்சு பூசினாலும் செதிலோடு சேர்ந்தே உரியும். அழுத்தக் காற்றில் கூர்மணிகளைப் பாய்ச்சினால் செதில் அகலும். நுண்ணிய மேடுபள்ளங்கள் உருவாகிச் சாயம் வேர்பிடிக்கும்.

கம்பி பிரஷ் போதாதா, செலவு குறையுமே என்பார்கள். பிரஷ் தளர்ந்த துருவை நீக்கும். இறுகிய செதிலைத் தேய்த்து மினுக்கிவிடும், அவ்வளவே. மிச்சம் பிடித்த பணம் மறுபூச்சில் கரையும். ஆற்றுமணல் மலிவாயிற்றே என்பது அடுத்த வாதம். அதன் சிலிக்காத் தூசி தொழிலாளியின் நுரையீரலை அழிப்பதால், மணல் பாய்ச்சுவதைத் தடுக்கும் விதிகளைப் பிரிட்டன் 1949-லேயே இயற்றியது. மணலுக்கு மாற்றான கார்னெட் மணியும் எஃகு மணியும் விலை கூடியவைதான். மனித மூச்சைவிட அல்ல. ஈரமலையில் இன்னொன்றும் முக்கியம்: பனி படியும் வெப்பநிலையைவிட எஃகு 3 டிகிரி செல்சியஸாவது சூடாக இருக்கும்போதே பூச வேண்டும். பூச்சுக்கு அடியில் மறைந்துபோகும் உழைப்பே பூச்சைத் தாங்கி நிற்கிறது.