யாருடைய ரகசியம்?

குளத்தூரிலிருந்து அரசுக் கல்லூரிக்குப் போன வருஷம் நோட்டீஸ் போர்டில் என் பேர் தொங்கியது. பக்கத்திலேயே சாதி. ஸ்காலர்ஷிப் பட்டியலாம். ‘ஓ, நீங்க அந்த ஆளுங்களா’ என்றான், அதுவரைக்கும் என் டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டவன். அப்புறம் அவன் கை நீளவில்லை.

பள்ளி வருகைப் பதிவேட்டில் சாதி கூடாதென்று 2024இல் நீதிபதி சந்துரு குழு சொன்னது. ஜே.இ.இ. ரேங்க் கேட்காதே என்று 2023இல் மும்பை ஐ.ஐ.டி. சொன்னது, ரேங்க் கேட்பதும் சாதி கேட்பதுதானே. சரி, மறைக்கச் சொல்வது நம்மை வெட்கப்படச் சொல்வதாகாதா? இல்லை. என் சாதியை நான் மேடையேறிச் சொல்வேன், அது என் வாய். போர்டு சொல்லக் கூடாது.

ஆனால் எஸ்.சி. பணியிடம் எத்தனை காலி என்று அதே கல்லூரியில் கேட்டுப்பாருங்கள், ‘ஆபீஸ் ரகசியம்’ என்பார்கள். அதில் யார் மானம் போகிறது? 2005 தகவல் உரிமைச் சட்டப்படி கேட்டால் கொடுத்தாக வேண்டிய கணக்கு அது. மூன்றாவது மனு போட்டிருக்கிறோம்.